ராக்குவின் மங்கில் பால் குறைவு

1

இந்த மாசியோடு நான் இலங்கை மலைநாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. பாளையங்கோட்டையிலிருந்து அக்கா எழுதியிருக்கிறாள்: "பத்து வருஷமா அந்தக் குளிருக்குள்ள என்னதான் பண்ணுதே? நாலு பக்கம் எழுதி அனுப்பேன், நம்ம ஊர்ப் பத்திரிகையில் கேட்கிறாங்க." குளிரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கம்பளி போர்த்தினால் தீர்ந்தது. நான் எழுதப்போவது போன வாரம் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் நடந்ததையும், அதனால் நினைவுக்கு வந்த ஒரு சண்டையையும்.

இந்தியாவிலிருந்து வந்த நாங்கள் இங்கே தங்குவதற்குத் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். பத்து வருடமாக நான் தற்காலிகமாகத்தான் இருக்கிறேன். இந்தத் தடவை படிவம் சிங்களத்தில் வந்தது. பொகவந்தலாவைக் கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள முதலாளிதான் வாசித்துச் சொன்னார். பெண்களை மரியாதையாக நோனா என்பது அவர் வழக்கம். "நோனா, இதில கேக்குது, எப்ப திரும்பிப் போறது?" என்றார். "பழைய பதிலையே போடுங்க, அடுத்த வருஷம்னு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார்.

அந்தப் படிவத்தோடு அட்டனில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய் வரிசையில் நின்றேன். அதிகாரி என் பழைய அனுமதிச் சீட்டில் ஒட்டியிருந்த, நான் வந்த புதிதில் எடுத்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இங்கிலீஷில் சொன்னார்:

"இது நீங்கள் இல்லை."

"நான்தான் ஐயா."

"இவர் ஒல்லி. கண்ணாடியும் போடவில்லை."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். "இப்போது கொஞ்சம் இவர் மாதிரி இருக்கிறீர்கள்" என்றார். திரும்ப மாட்டினேன். "இப்போது இல்லை" என்றார். மனிதர் விளையாடவில்லை. நெற்றியைச் சுருக்கி, உண்மையான கவலையோடுதான் சொன்னார். கடைசியில், புதுப்படம் ஒன்றும், இரண்டு படத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று என்னைத் தெரிந்த ஒருவர் எழுதிய கடிதமும் கொண்டுவரச் சொன்னார்.

பத்து வருடத்துக்கு முந்திய நானாக இருந்தால் மேசையைத் தட்டிக் கத்தியிருப்பேன். எனக்கு வந்ததோ சிரிப்பு. ஆள் பெரிய ஆள்தான், இந்த விஷயத்தில் மட்டும் வயது ஆறு என்று முடிவு கட்டிவிட்டேன். கண்ணாடி போட்டால் வேறு ஆள், கழற்றினால் பழைய ஆள் என்று என் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று சொல்வார்கள். வண்டி திரும்ப மலையேறி அட்டன் வரும்வரை நான் ராக்குவை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

2

ராக்கு யார் என்று சொல்ல வேண்டும்.

என் கணவர் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர். டிஸ்பென்சர் என்பது உத்தியோகப் பெயர், தொழிலாளருக்கு அவர் டாக்டரய்யா. இரண்டு வயது கிருபையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறி அவரிடம் வந்து சேர்ந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்தவள் என்று தெரிந்ததும் தோட்டத்துரை பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே நீளக் கொட்டகை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமை ஆசிரியர் சவரிமுத்து இந்த மலையிலேயே பிறந்தவர், எல்லாருக்கும் பெரிய வாத்தியார். யாரையும் அடிக்க மாட்டார். ஆகவே அடிக்கிற வேலையும் என்னிடம் வந்தது. நல்ல கொய்யாக் கம்பு ஒன்று வைத்திருந்தேன்.

முதல் நாளே ஒரு பிள்ளையை எங்கள் ஊர் வழக்கப்படி "ஏட்டி, இங்க வா" என்றேன். கொட்டகை முழுவதும் கொல்லென்று சிரித்தது. "டீச்சரம்மா ஏட்டிங்கிறாங்க, ஏட்டிங்கிறாங்க!" இன்றும் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஏட்டி டீச்சர் என்றுதான் பெயர்.

நான்கு வருடத்துக்கு முன்பு, பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குப் பால் கொடுக்க ஏற்பாடாயிற்று. டின்னில் வரும் பால்மாவை வெந்நீரில் கரைத்து, ஆளுக்கு ஓர் அகப்பை. பாத்திரம் அவரவர் வீட்டிலிருந்து. அந்த வரிசையை நீங்கள் பார்க்க வேண்டும். பித்தளைச் செம்பு, சிரட்டை, காது போன கோப்பை, டின்பால் டப்பாவுக்குக் கம்பியில் கைப்பிடி வைத்தது. முதலாம் வகுப்பு ராக்குவிடம் இருந்தது வாய் அகன்ற ஓர் எனாமல் மங்கு. அவளுக்கு அப்போது ஆறு வயது. பெரிய கண், மூக்கில் எப்போதும் கொஞ்சம் சளி, யாருக்கும் பயப்படாத குரல்.

முதல் நாள் அவள் மங்கில் ஓர் அகப்பை ஊற்றினேன். அடுத்து நின்ற செல்லத்துரையின் டப்பாவில் ஓர் அகப்பை. டப்பாவில் பால் கழுத்துவரை வந்தது. மங்கில் அடியில் பரவிக் கிடந்தது.

"டீச்சரம்மா, எனக்குக் கொறவுங்க."

"ஒரே அகப்பைதானே ஊத்தினேன். பாத்தியா இல்லையா?"

"பாத்தேங்க."

"அவனுக்கும் ஒண்ணு, உனக்கும் ஒண்ணு. அப்போ ரெண்டும் சமம்தானே?"

"இல்லிங்க. அவனுக்குத்தான் கூட."

மறுநாளும் இதே பேச்சு. அதற்கு மறுநாளும். மங்கில் இருந்ததை ஒரு டப்பாவில் ஊற்றிக் காட்டினேன். "இப்ப சரிங்க" என்றாள். திரும்ப மங்கில் ஊற்றினேன். "இப்ப கொறஞ்சு போச்சுங்க" என்றாள். மற்றக் குட்டிகளும் "ஆமாங்க, கொறஞ்சு போச்சுங்க" என்று சாட்சி சொன்னார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்கிற பிள்ளையைத் திமிர் பிடித்தவள், பேராசைக்காரி, பொய்க்காரி என்று நினைத்தேன். கையை நீட்டச் சொல்லி இரண்டு போட்டேன். அழுதாள். அழுதுகொண்டே, "அவனுக்குத்தான் கூட" என்றாள்.

3

அன்று மாலை, மலையிலிருந்து இறங்கி வந்த அவள் தாய் அழகம்மாவை வழியில் நிறுத்தினேன். கொழுந்து பறிப்பவள், அதிகம் பேசாதவள். கோபத்தில் என்ன வார்த்தை வந்ததோ அதைச் சொன்னேன். "உன் மகளுக்குப் படிப்பு ஏறாது. மண்டையில ஒண்ணும் இல்லை. வீணா அனுப்பாதே."

அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரிங்க டீச்சரம்மா" என்று தலைப்பாகைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை ராக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. செல்லத்துரைதான் செய்தி சொன்னான். "அவ இனிமே வரமாட்டாங்க. அவங்க அத்தை உடப்புசல்லாவையில இருக்காங்கள்ல, அங்க புள்ள பாக்கப் போறா. நம்ம மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தை வருவாங்க. வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்கு உள்ளூர நிம்மதிதான். பால் வரிசையில் சண்டை இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். ஊரில் நாங்கள் காப்பிக்காரர்கள். இங்கே வந்து தேத்தண்ணிக்காரர்கள் ஆகி, அந்த வார்த்தையையும் பிடித்துக்கொண்டோம். கிருபைக்கு அப்போது எட்டு வயது, இங்கே பிறந்த சாமுவேலுக்கு ஐந்து. இரண்டும் என் பிள்ளைகளா, மலையின் பிள்ளைகளா என்று எனக்கே சந்தேகம். நான் ஏதாவது சொன்னால் சாமுவேல் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்பான், சரி சரி என்று அர்த்தம். சொந்த ஊர் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் கிருபை பாளையங்கோட்டையைச் சொல்வதில்லை, பொகவந்தலாவை என்கிறாள். அக்காவுக்கு இதை எழுதியபோது ஒரு மாதம் பதில் போடவில்லை.

ஒரே அளவுதான் ஊற்றினேன். கிருபைக்கு உயர்ந்த கண்ணாடித் தம்ளர், சாமுவேலுக்கு அகலக் கோப்பை. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அக்காவுக்குத்தான் கூட."

என் கையில் இருந்த கெண்டி அப்படியே நின்றது. இவன் என் மகன். எண்பது வரை எண்ணுவான், ஜெபம் முழுவதும் ஒப்பிப்பான். இவனுக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொல்லட்டும் பார்க்கலாம்! கோப்பையில் இருந்ததை இன்னொரு உயர்ந்த தம்ளரில் ஊற்றினேன். அவன் முகம் மலர்ந்தது. "இப்ப சமம்."

"திரும்பக் கோப்பையில ஊத்தினா?"

"கொறைஞ்சிரும்."

கிருபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லூசு! அதே தேத்தண்ணிதானடா. ஊத்தினா எப்பிடிக் கொறையும்? கோப்பை அகலமா இருக்கு, அதான் பரவிக் கெடக்கு."

"ஏட்டி கிருபை, நீ சின்னப் பிள்ளையில இப்படிச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு ஐந்து வயதில் இதே மேசையில் பாயாசத்துக்கு இதே சண்டை நடந்து, நான் முதுகில் ஒன்று வைத்ததும் நினைவு வந்தது.

"நானா? நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்" என்று முறைத்தாள்.

ராக்கு பொய் சொல்லவே இல்லை. அவள் கண்ணுக்குப் பால் நிஜமாகவே குறைந்தது. நிஜத்தைச் சொன்னதற்கு நான் அடித்திருக்கிறேன்.

5

திங்கட்கிழமை எனக்குப் பேய் பிடித்தது என்று பெரிய வாத்தியார் இன்றும் சொல்வார். ஒரு டப்பாவையும் ஒரு மங்கையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுவதையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஒரே அளவுத் தண்ணீர் ஊற்றி, எதில் கூட என்று கேட்டேன்.

முதலாம் வகுப்பு ஒரே குரலில் டப்பாவைக் காட்டியது. இரண்டாம் வகுப்பில் குழப்பம். ஒருத்தி "டப்பா" என்றாள், பிறகு "இல்லிங்க, சமம்" என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்து "எதைச் சொன்னா சரிங்க?" என்றாள். மூன்றாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் சமம் என்றார்கள். நான்காம் வகுப்பு மாடசாமி "டீச்சரம்மா, நெசமாத்தான் கேக்குறீங்களா?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தான்.

பொத்தான்களை நெருக்கி ஒரு வரிசை வைத்தேன். அதே எண்ணிக்கையை இடைவெளி விட்டு இன்னொரு வரிசை. குட்டிகள் நீள வரிசையில்தான் கூட என்றார்கள். எண்ணச் சொன்னேன். எண்ணினார்கள், இரண்டிலும் ஏழு. "அப்போ?" "நீளமா இருக்கிறதுலதாங்க கூட." ஏழு என்று வாய் சொல்கிறது, கண் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் மாதக்கணக்காகக் கூட்டல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வாத்தியார் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். "குழந்தையின் அறிவு படிப்படியாக வளரும், ஒரு படியில் நிற்கும் பிள்ளைக்கு மேல்படியின் பாடம் விளங்காது. பயிற்சிக் கல்லூரிப் பரீட்சைக்கு இதை நான் நெட்டுருப் போட்டு எழுதினேங்க. நல்ல மார்க்கும் வாங்கினேன். அது நம்ம ராக்குவைப் பத்தின்னு எவன் கண்டான்?"

நானும் அதே வாக்கியத்தை எழுதி மார்க்கு வாங்கியவள்தான். பாளையங்கோட்டையில் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த அம்மையார் ஒரு நாளும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியதில்லை. கரும்பலகையில் எழுதினார், நாங்கள் எழுதிக்கொண்டோம்.

6

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க, ராக்கு வீட்டு லயத்துக்குப் போனேன். வரிசையாகப் பத்து வீடு, அதில் கோடி வீடு. அழகம்மா சாணம் மெழுகிக்கொண்டிருந்தாள். ராக்கு ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு நின்றாள். அவன் அவளைவிடக் கனமாக இருப்பான் போலிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அந்த ஒரு செய்கை என்னைச் சுட்டது.

"நான் சொன்னது தப்பு அழகம்மா. பிள்ளைக்கு நல்ல புத்தி இருக்கு. அனுப்பு" என்றேன்.

"அன்னிக்குப் புத்தி இல்லன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கிறீங்க. பத்து நாளுல எப்பிடிங்க வந்துச்சு?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "அவங்கப்பா தங்கச்சிக்கு வாக்குக் குடுத்துட்டாருங்க. நான் என்னங்க செய்ய?"

அப்பா என்றால் முத்துக்கருப்பன் கங்காணி. பெண்கள் கொழுந்து பறிக்கும் மலையில் மேற்பார்வை பார்ப்பவர். மீசையும் குரலும் பெரிது. சனிக்கிழமை நான் மலைக்கே போனேன். வெறும் செருப்போடு போனது என் மடத்தனம். மூன்று அட்டை ஏறிவிட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே சவர்க்காரம் தடவி எடுத்துவிட்டார்கள்.

அங்கே நடக்கும் ஒரு வேடிக்கை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேனே. கங்காணியின் தலை மேட்டில் தெரிந்தால் போதும், பெண்கள் கையைப் பின்னால் விட்டுக் கூடையில் இருக்கும் கொழுந்தைக் கிளறிப் பொலபொலவென்று எழுப்பிவிடுவார்கள். அரைக்கூடை முக்கால் கூடையாகத் தெரியும். கங்காணி "ம்" என்று போய்விடுவார். நிறுக்கும்போது எப்படியும் சரியான எடை தெரிந்துவிடும், ஆனாலும் நடுவில் ஏச்சு வாங்காமல் தப்பலாம்.

அன்றும் கங்காணி வந்தார். அழகம்மா கிளறினாள். அவர் பார்த்துவிட்டு "பரவால்ல, நெறஞ்சிருக்கு" என்றார். நான் கூடைக்குள் கையை விட்டு ஓர் அமுக்கு அமுக்கினேன்.

"கங்காணி, இப்ப பாருங்க."

"ஐயோ, கொழுந்த அமுக்காதீங்க டீச்சரம்மா, செவந்து போயிரும்!" என்று ஓடி வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். "இது என்ன, அரைக்கூடை கூட இல்லயே? இப்பத்தான நெறஞ்சு இருந்துச்சு! எங்க போச்சு?"

சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"எங்கயும் போகலை கங்காணி. கூடையிலதான் இருக்கு. ஒரு இலை கூட நான் எடுக்கலை. உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பது இருக்குங்க."

"ராக்குவுக்கு?"

"ஆறு."

"அவ பாலைப் பார்த்து ஏமாந்தா. நீங்க கொழுந்தைப் பார்த்து ஏமாந்தீங்க. ரெண்டு பேருல யாரை உடப்புசல்லாவைக்கு அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்க."

மலையே சிரித்தது. அழகம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கங்காணி மீசையைத் தடவினார். "பொம்பளைங்க கிளறுறது எனக்குத் தெரியாதுங்களா? தெரியாத மாதிரி போறேங்க." இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார், நானும் மறுத்துப் பேசுவதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். சும்மா மாத்த முடியாது. திருவிழாவுக்கு வருவா. அவ முன்னாடி இந்தப் புள்ள அந்தப் பால் கணக்குக்குச் சரியா பதில் சொல்லட்டும். சொன்னா, இங்கயே படிக்கட்டும்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். பாதி மலை இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஒரு வாரத்தில் எப்படிச் சொல்வாள்?

7

இந்த இடத்தில் நான் செய்ததை ஆசிரியத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். படிப்படியான வளர்ச்சி எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், பயத்தில் பழைய வழிக்கே போனேன். ராக்குவைத் தினமும் சாயங்காலம் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "நான் ஊத்துவேன். எதில கூடன்னு கேட்பேன். நீ என்ன சொல்லணும்?"

"ரெண்டும் சமம்."

"ஏன்?"

"ஒரே அகப்பை."

"நல்ல பிள்ளை." ஒரு கல்கண்டு. மூன்றாம் நாள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் என்று ஆகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. வாய் சொல்லப் பழகினால் புத்தியும் கூடவே வந்துவிடாதா என்று நினைத்தேன்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, கங்காணியும் அழகம்மாவும், அத்தை பொன்னம்மாவும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அத்தை வாட்டசாட்டமான பெண். கைக்குழந்தையும், கட்டி வைத்த மூட்டையும் கொண்டு வந்திருந்தாள். மூட்டையில் ராக்குவின் துணி. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெரிய வாத்தியார் நாற்காலி எடுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

மங்கில் ஓர் அகப்பை, டப்பாவில் ஓர் அகப்பை.

"ராக்கு, எதில கூட?"

"ரெண்டும் சமம்ங்க."

"ஏன்?"

"ஒரே அகப்பைங்க."

கங்காணியின் மீசை உயர்ந்தது. அழகம்மா மூச்சு விட்டாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. "கெட்டிக்காரி! இந்தா, ஒண்ணை எடுத்துக் குடி" என்று இரண்டையும் அவள் முன்னால் தள்ளினேன்.

ராக்கு இரண்டையும் நன்றாகப் பார்த்தாள். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூட இருக்கிறத நான் எடுத்துக்கிறேங்க."

பெரிய வாத்தியார் மூக்குப்பொடியைத் தேடுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. "கங்காணி, நான்தான் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைச்சேன். அவளுக்கு இது இன்னும் விளங்கலை. இந்த வயசுப் பிள்ளை எதுக்குமே விளங்காது. என் மகனுக்கும் விளங்கலை. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ போனா, யாரும் சொல்லாமலே விளங்கும். நான் அவசரப்பட்டதுதான் தப்பு, ரெண்டு தடவையும். பிள்ளையைக் கொண்டுபோயிராதீங்க" என்றேன்.

காப்பாற்றியது நான் எதிரி என்று நினைத்திருந்த அத்தைதான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அண்ணே, இந்தப் புள்ளைக்கா அறிவு இல்லன்னீங்க? வாத்தியார்மாருக்கு என்ன பதில் வேணுமோ அதையும் குடுத்துட்டா, தனக்கு வேண்டியதையும் எடுத்துக்கிட்டா! இவள வீட்டுல வச்சேன்னா என் கொழந்தைக்கு உள்ள பாலையும் சமம் சமம்ன்னு சொல்லியே குடிச்சிருவா. எனக்கு வேணாம் சாமி. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

கங்காணி தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ராக்குவின் மேலுதட்டில் பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "சரி" என்றார். "செடியக் கவ்வாத்து வெட்டுன மலையில, தளிர் வர்ற வரைக்கும் மாசக்கணக்கா கைய வைக்காமத்தான இருக்கோம். இவளையும் அப்பிடி நெனச்சுக்கிறேன். ஆனா டீச்சரம்மா, இனி கம்பு வேணாம்."

அந்த மூட்டையை அழகம்மா தானே அவிழ்த்தாள். கொய்யாக் கம்பை நான் அன்றே சீவிக் கழுவி, பால் கலக்க வைத்துக்கொண்டேன். பால்மா கட்டி தட்டாமல் கரைக்க அதைவிட நல்ல கம்பு இந்தத் தோட்டத்தில் இல்லை. குட்டிகளுக்குக் கூட்டலை நிறுத்திவிட்டு, கொட்டகைக்கு வெளியே ஒரு பழைய பீப்பாயில் தண்ணீரும் விதவிதமான டப்பாக்களும் வைத்தேன். நாள் முழுவதும் ஊற்றி விளையாடட்டும். ஒருமுறை பரிசோதனைக்கு வந்தவர் "இது என்ன பாடம்?" என்று கேட்டார். பெரிய வாத்தியார் கொஞ்சமும் முகம் மாறாமல் "கணக்குங்க" என்றார்.

8

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மழை நாளில், ராக்குவின் மங்கில் பாலை ஊற்றிவிட்டு வழக்கம்போல அந்த முறைப்பாட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. "என்ன ராக்கு, இன்னிக்குக் கொறவு இல்லையா?" என்றேன். "ஒரே அகப்பைதானங்க. மங்கு அகலம்" என்று சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அதே "ஒரே அகப்பை"தான். அன்றைக்கு அது என்னுடையது, இன்றைக்கு அவளுடையது. பால் வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. அவள் இடுப்பில் கனத்த அந்தத் தம்பி தங்கராசு இந்த வருடம் முதலாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். கொழும்பிலிருந்து நான் திரும்பி வந்த மூன்றாம் நாள், பால் நேரம். தங்கராசுவின் கையில் அதே எனாமல் மங்கு. ஊற்றினேன்.

"எனக்குக் கொறவுங்க" என்று அழ ஆரம்பித்தான்.

நான் வாயைத் திறக்கும் முன் ராக்கு வரிசையிலிருந்து வந்தாள். மங்கில் இருந்த பாலைத் தன் உயர்ந்த டப்பாவில் ஊற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தான். அவள் மங்கை என்னிடம் நீட்டினாள், அவள் பங்குக்கு.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சரம்மா. அவனுக்கு இப்பச் சொன்னா வெளங்காது. வயசானா தானா வெளங்கிக்குவான்."

"நீயும் இப்படித்தான் இருந்தே, தெரியுமா?"

"நானா?" அவள் சிரித்தாள். "போங்க டீச்சரம்மா. நான் அப்பிடிச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"நான் உன்னை அடிச்சேனே."

சிரிப்பு நின்றது. "அது ஞாபகம் இருக்குங்க. எதுக்குன்னுதான் ஞாபகம் இல்ல."

இதைத்தான் அக்கா, நான் பத்து வருடத்தில் கற்றது. ஏறி வந்த படி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கிருபைக்கு இல்லை, ராக்குவுக்கு இல்லை, எனக்கும் இருந்திருக்காது. அதனால்தான் கீழ்ப்படியில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக் கம்பை எடுக்கிறோம். அடி மட்டும் நினைவில் தங்கிவிடுகிறது. "மன்னிச்சுக்கோ ராக்கு" என்றேன். அவள் வெட்கப்பட்டு மங்கைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் பெரிய வாத்தியார் அந்த அதிகாரி கேட்ட கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். முன்னால் என் பழைய படமும், அட்டனில் எடுத்த புதுப்படமும். ராக்கு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுல இருக்கிறதும் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றார் அவர்.

"ரெண்டும் டீச்சரம்மாதாங்க. கண்ணாடி போட்டா ஆளு மாறிருமா?" என்றாள். கொழும்பு அதிகாரி பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா! பிறகு பழைய படத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னாள்: "ஆனா இவங்க அடிப்பாங்க."

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் எழுதுங்கள் என்று தலையசைத்தேன். "இரு படங்களிலும் உள்ளவர் ஒருவரே" என்று எழுதிப் பள்ளிக்கூட முத்திரை குத்தினார். அரசாங்கத்துக்கு அது போதும். ராக்கு சொன்னதை நான் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.